கருணை மலையேறியது

மலையேறியதற்கான சான்றிதழ் ஒன்று என்னிடம் இருக்கிறது. தடித்த தாள், தங்க நிற எழுத்து, ஓரமெல்லாம் பூவேலை. கினபாலு மலையின் உச்சியை நான் தொட்டதாக அதில் எழுதியிருக்கிறது. நான் தொடவில்லை. அதை அச்சடித்துக் கொடுத்தது எங்கள் சங்கம்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமென்று என் மனைவி ஒரு வருடம் சொல்லிப் பார்த்தாள். நான் அதை அலமாரியின் அடித்தட்டில், பழைய மின்சார பில்களுக்குக் கீழே திணித்து வைத்தேன். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. கிழித்துவிட்டால் தப்பித்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

எண்பதுகளின் கடைசி அது. நான் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். எங்கள் வட்டாரத் தமிழர் சங்கம் வருடத்துக்கு இரண்டு முறை அன்னதானம் செய்யும், தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்கும், மற்ற நாளெல்லாம் நிர்வாகக் குழுவுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும். தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர். டாக்டருக்குத் தமிழ் என்றால் வாயைத் திறக்கச் சொல்லவும் துப்பச் சொல்லவும் மட்டும்தான்; அதற்கு மேல் பேசினால் பாதி ஆங்கிலம், கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா'. அவர் இங்கிலாந்துக்குப் போய்வந்த கையோடு ஒரு யோசனையும் கொண்டுவந்தார்.

"அங்கல்லாம் மலை ஏறிக் காட்டி சேரிட்டிக்குக் கலெக்ட் பண்றாங்கலா. நாமளும் பண்ணுவோம். கினபாலு. பேப்பர்லயும் வரும்."

கிள்ளானில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான ஓர் இல்லம் இருந்தது. சக்கர நாற்காலியோடு ஏற்றக்கூடிய வேன் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதற்காக ஏறுவது என்று முடிவாயிற்று. ஒருவன் மலை ஏறினால் இன்னொருவன் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. வேன் வேண்டுமென்றால் வேனுக்குக் கேட்கலாம். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஒருவருக்காக இன்னொருவர் நேர்ந்துகொண்டு மலை ஏறுவது அவர்களுக்குப் புதிதா என்ன? அவர்களுக்கு விளங்கியது வேறு விஷயம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

காசு கொடுப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்காகச் சங்கம் எங்களுக்கு ஆளுக்கு ஐந்து அட்டை கொடுத்தது. அட்டையில் ஆங்கிலமும் மலாயும் மட்டும். தமிழில் ஒரு வரி போடலாமே என்று கேட்டேன். "இடம் இல்லலா," என்றார் டாக்டர். இடம் இல்லாமல் என்ன? பாதி அட்டையை ஒரு படம் அடைத்துக்கொண்டிருந்தது. பயிற்சிக்காக ஞாயிறு காலைகளில் நாங்கள் பத்துமலை முருகன் கோயில் படிகளில் ஏறி இறங்குவோம். அங்கே எடுத்த படம் அது. வெள்ளை டீ-சட்டை போட்டு வரிசையாக நாங்கள், பின்னால் படிகள், மேலே குகை வாசல். கினபாலுவின் நிழல்கூட அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் காரணம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தின் மேல் பழி போட்டால் அது திருப்பிப் பேசாது.

எனக்கு ஒதுக்கிய இடம் மேரு என்ற சிற்றூர். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துப் போய், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். மூன்று வீட்டில் நாய்தான் வந்தது. நாலாவது வீட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். மணிக்கட்டு வரை இரண்டு கையும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பலகாரத்துக்கு மாவு பிசைகிறார் என்று நினைத்தேன். பின்னால் பெஞ்சில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று காலை மடக்கிக் குந்தியபடி படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. அதன் உதடும் நகமும் நாவற்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தன.

"மலை ஏறப் போறோம்க்கா. புள்ளைங்களுக்காக," என்றேன்.

"எந்தப் புள்ளைங்களுக்கு?"

"உடம்பு முடியாத புள்ளைங்களுக்கு."

இல்லம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. அவர் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார். எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று எழுத வந்தேன். விளங்கியது என்பதுதான் உண்மை.

"என் மகளுக்கும் சேர்த்து ஏறுவீங்களா தம்பி? நெஞ்சுல ஓட்டை. பெரியாஸ்பத்திரியில ஆபரேசனுக்குத் தேதி குடுத்திருக்காங்க."

"கண்டிப்பாக்கா."

"அங்க என்ன சாமி?"

"மலைன்னா சாமி இல்லாமலா இருக்கும்?" என்றேன். பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசுக்குள் வாதாடியது நினைவிருக்கிறது.

என்றைக்கு ஏறுகிறோம் என்று கேட்டார், சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். முகம் வாடிப்போனது.

"ஆபரேசன் அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வருதே. நேர்த்திக்கடன் முடியாம உடம்புல கத்தி வைக்கக் கூடாது தம்பி. எங்க அண்ணனுக்கு அப்படி வச்சுத்தான் போயிட்டாரு. பரவால்ல, நான் ஆஸ்பத்திரியில சொல்லித் தேதியத் தள்ளி வச்சுக்கிறேன். நீங்க மேல இருந்து திருநீறு மட்டும் கொண்டாந்து குடுத்துருங்க."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். "அக்கா, இது நேர்த்திக்கடன் இல்ல, நீங்க ஆபரேசனுக்குப் போங்க." ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஐந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. நோயாளிப் பிள்ளையின் அம்மாவே வந்து கேட்கும்போது யார் மறுப்பார்கள்? எனக்குத் திறக்காத கதவெல்லாம் திறந்தது. ஒரு மணி நேரத்தில் ஐந்து அட்டையும் நிரம்பிவிட்டன. சங்கத்தில் முதலில் அட்டை நிரப்பியது நான்தான். "மேரு வெரி குட்லா," என்று டாக்டர் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டினார். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

சுபாங் விமான நிலையத்தில் ஏறிக் கடல் தாண்டிப் போனோம். முதல் நாள் முழுக்க நடை. வேர்ப் படிகள், மழை, பஞ்சுபோல் மேகம். என்னைவிட இரண்டு மடங்கு வயதான ஒரு மலையூர்ப் பெண்மணி முதுகில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அவருக்கு யாரும் அட்டை நிரப்பியிருக்க மாட்டார்கள். மலைவிடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது தலை வெடித்துவிடும்போல் இருந்தது. வாந்தி எடுத்தேன், மறுபடி எடுத்தேன், கம்பளிக்குள் சுருண்டு படுத்துவிட்டேன். விடிவதற்கு முன் எல்லோரும் உச்சிக்குக் கிளம்பினார்கள். என்னைத் தவிர.

காலை ஒன்பது மணிக்குச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். ஒருவர் என் டீ-சட்டையைக் கொண்டுபோயிருந்தார். உச்சியில் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்களாம்.

"நீயும் ஏறுன மாதிரிதான்," என்றார் டாக்டர். "டீம்னா டீம்லா. பேப்பர்காரன்கிட்ட எல்லாரும் ஏறுனோம்னு சொல்லிடுவோம். ஒரு ஆள் கொறஞ்சா நல்லாவா இருக்கும்?"

நான் தலையாட்டினேன். என் சட்டை போன உயரத்துக்கு நான் போகவில்லை. திருநீறு ஞாபகம் எனக்குக் கொஞ்சமும் வரவில்லை. வந்திருந்தால் விடுதி வாசலில் ஒரு பிடி மண்ணாவது அள்ளியிருப்பேன். அதுகூட இல்லை.

திரும்பி வந்ததும் விருந்து. மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு துணி பேனர் வேண்டும், அதுவும் தமிழில் வேண்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். ஆங்கிலத்தில் எதையோ யோசித்து, அகராதியைப் புரட்டி, தானே எழுதிக் கொடுத்தார்: 'கருணை மலையேறியது.' தாளைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. பேனர் எழுதுகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இது யாரு வீட்டுக் கருமாதிக்கு? வெளக்கு மலையேறிச்சுன்னா அணைஞ்சிருச்சுன்னு அர்த்தம். சாமி மலையேறிச்சுன்னா போயிருச்சுன்னு அர்த்தம். கருணை மலையேறிச்சுன்னா என்னாண்ணே?"

"குடுத்ததை எழுதுங்க," என்றேன்.

அவர் எழுதினார், அழகாகவே எழுதினார். விருந்தில் பின்வரிசை மேசைகளில் ஒரே சிரிப்பு. ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று டாக்டர் மேடையிலிருந்து கை அசைத்தார். சான்றிதழ் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள், மேருக்காரன் இல்லையா. வேன் வாங்கினார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இல்லத்துப் பிள்ளைகள் அதில் ஏறிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதன் பக்கவாட்டில் மலையேறியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். என் பெயரும் இருந்தது. கிள்ளான் சாலையில் அந்த வேனைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

விருந்து முடிந்த வாரம், மேருவில் நான் எழுதிக் கொடுத்திருந்த அலுவலக எண்ணுக்கு ஒரு தொலைபேசி வந்தது. பொதுத் தொலைபேசி. காசு விழும் சத்தத்துக்குப் பிறகு அந்த அக்காவின் குரல்.

"தம்பி, பேப்பர்ல போட்டிருந்தாங்களாமே, பக்கத்து வீட்டுல படிச்சுச் சொன்னாங்க. நல்லபடியா ஏறிட்டீங்களா? திருநீறு கெடச்சுதா? வர்ற திங்கக்கெழம ஆபரேசனுக்குப் புதுத் தேதி."

"கெடச்சுதுக்கா. கொண்டாறேன்."

வாய் அப்படிப் பழகிவிட்டது. அன்று மாலையே பிரிக்ஃபீல்ட்ஸில் பூசைச் சாமான் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் திருநீறு வாங்கினேன். வீட்டில் புகைப்படச் சுருள் வரும் கறுப்பு டப்பா ஒன்று கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, திருநீற்றை அதில் கொட்டி மூடினேன். மலையிலிருந்து வந்ததுபோல்தான் இருந்தது. சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொள்ளாத குறை.

மறுநாளே மேருவுக்குப் போனேன். அதே வெள்ளைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு மூடியை மூடி, "ரொம்ப சிரமப்பட்டீங்க தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார். குழந்தை நெற்றியில் அவர் அதைப் பூசவில்லை. திங்கட்கிழமை காலையில் குளிப்பாட்டிப் பூசுவார்போல என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். டீயைக் குடித்தேன். குழந்தை தான் வரைந்த மலைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியது. உச்சியில் ஒரு கோயில், கோயில் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள்.

அதற்குப் பிறகு நான் மேரு பக்கம் போகவில்லை. ஆபரேசன் நன்றாக நடந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். விசாரிக்காதவனுக்கு எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். சங்கம் இன்னும் இரண்டு மலை ஏறியது, பிறகு மிதிவண்டிக்கு மாறியது. நான் கால்வலி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

ஏழெட்டு வருடம் போனது. என் அப்பாவின் திவசத்துக்குச் சாமான் வாங்க அதே பூசைச் சாமான் கடைக்குப் போனேன். கல்லாப் பக்கம் முதலாளி, தராசுப் பக்கம் ஒரு பெண்மணி. முன்தலையெல்லாம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"தம்பி, மலைக்குப் போனவருதானே?"

கடையில் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டதாகவும், இப்போது பிரிக்ஃபீல்ட்ஸிலேயே அறை எடுத்து இருப்பதாகவும் சொன்னார். எனக்கும் ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"பாப்பா எப்படிக்கா இருக்கா? ஃபார்ம் ஃபோர் படிப்பாளே இப்ப?"

அவர் தராசில் திருநீறு நிறுத்துக்கொண்டிருந்தார். முள் நிற்கும்வரை காத்திருந்தார்.

"பாப்பா இல்ல தம்பி. நீங்க வந்துட்டுப் போனீங்களே, அந்தக் கார்த்திகையிலயே போயிட்டா."

"ஆபரேசன்லயாக்கா?" என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று உள்ளுக்குள் வேண்டினேன். ஒரு குழந்தை கத்தி பட்டுச் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான்.

"ஆபரேசன் நடக்கவே இல்லயே." ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். "மோந்து பாருங்க. வாசம் வருதா? ஜவ்வாது. நான் அப்பவே இந்தக் கடைக்குத்தான் வீட்ல இருந்து பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தேன். மூட்டை மூட்டையா லோரியில கொண்டாந்து போடுவாங்க. ஜவ்வாது கலக்குறது என் கைதான். நீங்க குடுத்த டப்பாவத் தொறந்த உடனே தெரிஞ்சுபோச்சு. மலையில யாரு தம்பி ஜவ்வாது கலக்குறா?"

மணிக்கட்டு வரை வெள்ளைக் கை. நான் மாவு என்று நினைத்த கை.

"அப்பவே என்னைத் திட்டியிருக்கலாமேக்கா."

"நீங்க ஆபீஸ்ல இருக்கிறவரு, எங்களுக்காக அவ்வளவு தூரம் போனீங்க. ஏற முடியல, சொல்ல வெக்கப்படுறீங்கன்னு நெனச்சேன். நேர்த்தி முடியலன்னு மட்டும் வெளங்கிச்சு. அப்புறம் எப்படிக் கத்தி வைக்க விடுறது? தைப்பூசத்துக்கு நானே பால்குடம் எடுத்து முடிச்சிட்டு, அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அந்தத் தேதியையும் விட்டுட்டேன். தைப்பூசம் வர்ற வரைக்கும் அவ இருக்கல."

முதலாளி கல்லாவில் யாரிடமோ ஊதுவத்தி விலை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒன்னு கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க தம்பி. நீங்க மேல போனீங்களா, போகலயா?"

"போகலக்கா. பாதியிலயே படுத்துட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்ததுபோல் ஒரு மூச்சு வந்தது.

"அப்பாடா. இத்தன வருசமா இதுதான் தம்பி. ஒருவேள நீங்க நெசமாவே ஏறிட்டு, திருநீற மட்டும் மறந்துபோயி இங்க வாங்கிக் குடுத்திருந்தா? அப்ப நேர்த்தி முடிஞ்சிருக்குமே. நான்தான் சந்தேகப்பட்டுப் புள்ளையப் பலி குடுத்துட்டேனோன்னு தூக்கமே இல்ல. இப்பச் சொன்னீங்களே, இது போதும். நீங்க நல்லா இருக்கணும்."

என்னை வாழ்த்துகிறார். நின்று வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துத் தராசு மேடையில் வைத்தேன்.

"அந்த மலையில என்ன சாமி தம்பி? அன்னிக்கே கேட்டேன், நீங்க சரியாச் சொல்லல."

அங்கே சாமியும் இல்லை, கோயிலும் இல்லை, வெறும் பாறைதான். நாங்கள் போனது ஒரு வேனுக்காக. நான் உச்சியைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் அவர் மகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதல் தேதியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். இதுதான் பாக்கியிருந்த உண்மை. இதைச் சொன்னால் இப்போது வந்த தூக்கமும் அவருக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் நான் இன்னொரு முறை தப்பித்துக்கொள்கிறேன். இரக்கத்தால் பேசாமல் இருக்கிறேனா, பயத்தால் இருக்கிறேனா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, எழுதும்போதும் தெரியவில்லை.

"முருகன்தான்க்கா," என்றேன்.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். மணிக்கட்டு வரை வெள்ளை. பிறகு என் பொட்டலத்தை நூல் சுற்றிக் கட்டி, மீதிச் சில்லறையோடு நீட்டினார்.